கூட்டாளியையே காதலிக்கிறான்: 15 நிமிடக் குறும்படம், கடைசிக் காட்சிக்கு யோசனை தேவை

செந்தூல்காரன்:

வணக்கம். இங்கே பல நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிற ஆள் நான், இப்போது ஒரு காரியமாக வந்திருக்கிறேன். குறும்படம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். பதினைந்து பக்கம், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் பதினைந்து நிமிடம். தேவா, சரண் என்று இரண்டு பையன்கள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஒரே மேசை, இப்போது இருவருக்கும் இருபத்தாறு வயது. தேவாவுக்கு ஏர்கான் கழுவுகிற வேலை, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் எப்போதும் ஏணியும் தண்ணீர்ப் பம்பும் கட்டியிருக்கும். சரண் கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, விடிந்தால் கோலாலம்பூர் டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் பஸ். படம் அந்த ஒரு ராத்திரிதான்.

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து கதை அடிக்கிறார்கள், வீட்டுக்கு வந்து பெட்டி கட்டுகிறார்கள், சரணின் அம்மா இரண்டு பேருக்கும் தோசை சுடுகிறார், "ரெண்டும் என் பிள்ளைங்க" என்கிறார். விடியற்காலை தேவா மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறான், பஸ் ஏறும் நேரத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறான். சரண் வாயே திறக்காமல் ஏறிப் போய்விடுகிறான். பஸ் நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகு "நானும்தான்டா" என்று ஒரு மெசேஜ் வருகிறது. தேவா ஓட்டிக்கொண்டே கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறான், எதிரே லாரி. முடிந்தது.

முடிவு சரியா, முத்தம் வைக்கலாமா, எடுத்தால் போலீஸ் கீலீஸ் என்று வருமா, இதுதான் கேள்வி. கையில் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. முழுப் பிரதியையும் இணைத்திருக்கிறேன், திட்டுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மைக் பிடிக்கிறவன்:

லாரியா? மறுபடியும் லாரியா?

அஞ்சடி:

தம்பி, பஸ் கிளம்புகிற வரைக்கும் கதை உங்களுடையது. லாரி வேறு யார் வீட்டிலிருந்தோ வந்திருக்கிறது.

2010-இல் நம் மலேசியத் தணிக்கை வாரியம் விதியைத் தளர்த்தியதாகச் செய்தி வந்தது. ஓரினக் காதல் பாத்திரங்களைக் காட்டிக்கொள்ளலாம், ஆனால் கடைசியில் அவர்கள் திருந்தியாக வேண்டும். சலுகையே அதுதான். அடுத்த வருடம், 2011-இல், 'டாலாம் போத்தோல்' வந்தது. காதலனுக்காக உடம்பையே மாற்றிக்கொண்ட ஒருவன் பிறகு அதை நினைத்து வருந்துவதுதான் கதை. சரி, மலாய்ப் படக்காரர்களுக்காவது மேலே உட்கார்ந்து ஒருவர் நிபந்தனை போட்டார். தமிழில் யார் போட்டார்கள்? 2020-இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் 'தங்கம்' பார்த்திருப்பீர்கள். சின்ன வயதுக் கூட்டாளியை நேசிக்கிற திருநங்கை சத்தார். காளிதாஸ் ஜெயராம் உயிரைக் கொடுத்து நடித்திருந்தார், கதையிலும் உயிர்தான் போனது. பார்க்கிறவர்கள் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம், ஏனென்றால் செத்துப்போனவர் யார் வீட்டுக்கும் மருமகளாக வரப்போவதில்லை. உங்கள் லாரியும் அந்த வேலையைத்தான் பார்க்கிறது. 'நானும்தான்டா' என்று வந்த பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் லாரியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. இரண்டு பையன்கள் காதலிப்பதில் நம் ஊரில் எது கஷ்டம் என்று யோசித்தீர்களா? ஒரு பையனும் ஒரு பெண்ணும் பிரிக்ஃபீல்ட்ஸில் பத்து நிமிடம் நின்று பேசட்டும், அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் போன் போயிருக்கும். இரண்டு பையன்கள் ஒரே மோட்டாரில் போவார்கள், ஒரே பாயில் படுப்பார்கள், ஒருத்தன் தட்டில் இன்னொருத்தன் கை வைப்பான், தைப்பூசத்தில் ஒருத்தன் காவடி எடுத்தால் இன்னொருத்தன் விடிய விடிய அவன் முதுகுக்குப் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு நடப்பான். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும், "என்னா ஒத்துமை" என்பார்கள். கூட்டாளி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வியே கிடையாது. ஊர் ஏமாறுவது இருக்கட்டும், அந்த இரண்டு பேரே வருஷக்கணக்கில் ஏமாந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே உங்கள் படத்தில் வில்லன் லாரி இல்லை, போலீஸ் இல்லை. தோசை சுடுகிற அந்த அம்மாதான். "ரெண்டும் என் பிள்ளைங்க" என்று தட்டில் தோசையைப் போட்டுவிட்டுப் போகிறார். அதைச் சாப்பிட்டுவிட்டுத் தேவா எப்படி வாயைத் திறப்பான்? ஒரு பிள்ளை என்றால் இன்னொரு பிள்ளைக்கு அவன் அண்ணனோ தம்பியோ ஆகிவிட்டான் இல்லையா. அந்தக் காட்சியை நீங்கள் அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறீர்கள். லாரிக்கு ஒன்றரைப் பக்கம்!

தண்டவாளம்:

யாரும் கோபப்பட வேண்டாம், மனசில் பட்டதைச் சொல்கிறேன். மலேசியத் தமிழனுக்கு இருக்கிற பிரச்சினை போதாதா? குண்டர் கும்பல், குடி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுகிற பையன்கள், குடியுரிமைக்கான நீலக் கார்டு இல்லாமல் கிடக்கிறவர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் இந்தக் கதை? குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா? நட்பு என்பது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம். பார்க்காமலேயே கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கூட்டாளிகளாக இருந்தார்கள், ஒருவர் வடக்கிருந்தபோது மற்றவரும் வந்து உயிரை விட்டார். அந்த நட்பைக் கொச்சைப்படுத்தாதீர்கள்.

மைக் பிடிக்கிறவன்:

அண்ணே, அந்தக் கதையிலும் கடைசியில் இரண்டு பேரும் சாகத்தானே செய்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:

தண்டவாளம் தம்பி, பாராங்கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படம் நம்மில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள், குடும்பத்தோடு பார்க்க முடியுமா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் சொல்கிற அந்தப் பையன்கள், பள்ளியைப் பாதியில் விட்டவன், குடிக்கிறவன், கார்டு இல்லாதவன், அவர்களில் ஒருவன்கூட இப்படி இருக்க மாட்டான் என்று எழுதிக் கொடுப்பீர்களா? தேவா ஏர்கான் கழுவுகிறவன். அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

அஞ்சடி சொன்ன அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நானும் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் எல்லாரும் எப்படி முடிவு கட்டினீர்கள்? இருபது வருடம் ஒரு பையன் தன் வீட்டுக்கு வந்து போகிறான், இவன் வந்தால் தன் மகன் முகம் எப்படி மாறுகிறது என்று அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். தெரிந்துதான் "ரெண்டும் என் பிள்ளைங்க" என்கிறாள். வேலி போடுகிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்கிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கே எது என்று தெரியாமல் இருக்கலாம். அந்தத் தோசையை யாருக்கு முதலில் போடுகிறாள் என்று காட்டுங்கள், போதும். மகனுக்குப் போடாமல் தேவாவுக்குப் போட்டால் எனக்குப் புரிந்துவிடும்.

மட்டுறுத்துநர்:

கருத்து வேறுபாடு இருக்கலாம், இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் தங்கள் சொந்தப் பெயர், வேலை இடம், பிறருடைய படம் எதையும் இங்கே போடாதீர்கள். போட்டால் கேட்காமலேயே நீக்கிவிடுவேன்.

நாசி கண்டார்:

இந்தப் பெயரில் இன்றுதான் பதிவு செய்தேன். பினாங்கு, தமிழ் முஸ்லிம். அதற்குமேல் வேண்டாம்.

என் கூட்டாளிக்குக் கல்யாணம் நடந்தது. பந்தல்காரனைப் பிடித்தது நான், ஐஸ் வாங்கி வந்தது நான், மாப்பிள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டது நான். காலர் மட்டும் சரியாக வரவில்லை, திரும்பத் திரும்பப் போட்டேன். அவன் பக்கத்தில் நின்று "போதும்டா, கருகிடப் போகுது" என்று சிரித்தான். நிக்காஹ் முடிந்ததும் அவனுடைய வாப்பா என் தோளைத் தட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "கூட்டாளின்னா இவன்தான்" என்றார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் மூன்று பாத்திரம் பிரியாணி தூக்கினேன். அவ்வளவுதான். லாரி எதுவும் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன்.

செந்தூல்காரன் தம்பிக்கு இது உதவுமா என்று தெரியாது. எடுத்துக்கொள்ளலாம், என்னிடம் கேட்க வேண்டாம்.

செந்தூல்காரன்:

நாசி கண்டார் பாய், இதை அப்படியே எடுத்துப் படத்தில் போட எனக்குக் கை வராது. ஆனால் காலரை மறக்கவும் முடியாது.

எல்லாருக்கும் ஒரு கேள்வி. செத்தால் பழைய பாட்டு, சரி. சந்தோஷமாக முடித்தால் பொய் என்பார்கள். பிரிந்தால் மறுபடியும் அழுகை. மிச்சம் என்ன இருக்கிறது?

சென்னைவாசி:

நான் மலேசியா இல்லை, ஆனாலும் எட்டிப் பார்க்கிறேன். இங்கே 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, ஓரின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு, ஒப்புதலோடு இருக்கிற பெரியவர்களுக்கு இல்லை என்று ஆனது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதையே தடுக்கச் சொன்னார். தீர்ப்பு எழுதும் முன் தான் இதைப் புரிந்துகொள்ள உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்ததையும் மறைக்காமல் சொன்னார். நல்லதுதான். ஆனால் 2023 அக்டோபரில் கல்யாண உரிமை கிடையாது என்றாகிவிட்டது, வீட்டு வரவேற்பறையில் இன்னும் எந்தத் தீர்ப்பும் வரவில்லை. அதனால் உங்கள் ஊர்ச் சட்டம்தான் தடை, எங்கள் ஊரில் எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள்.

படம் முடிந்தால் இங்கே சென்னையில் 'ரீல் டிசையர்ஸ்' என்று பால்புதுமையர் பட விழா ஒன்று இருக்கிறது, மும்பையில் 'காஷிஷ்' இருக்கிறது. இரண்டுக்கும் அனுப்புங்கள். ஒரு சின்னக் கோரிக்கை, வசனத்தைக் கொஞ்சம் பொதுத் தமிழாக மாற்றினால் எங்களுக்கும் புரியும்.

மைக் பிடிக்கிறவன்:

மாட்டோம் லா. உங்கள் மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் எல்லாம் நாங்கள் சப்டைட்டில் இல்லாமல்தானே பார்த்து வளர்ந்தோம். 2015-இல் 'ஜகாட்' நம் பேச்சை நம் பேச்சாகவே வைத்தது, அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று விருதும் வாங்கியது. தேவா "மச்சான், தப்பாவ் பண்ணிட்டு போலாமா" என்றுதான் கேட்பான். பார்சல் என்று சொன்னால் அவன் செந்தூல் பையன் இல்லை.

கோர்ட்டு வாசல்:

சட்டத்தைப் பற்றி ஆளாளுக்குப் பயந்துகொண்டிருப்பதால் நான் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். இதை வைத்து யாரும் வாதாடப் போகாதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

நம் தண்டனைச் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான உடலுறவு' என்று சொல்லித் தண்டிக்கிற 377ஏ, 377பி இன்னும் அப்படியே இருக்கின்றன. இருபது வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. 377டி வேறு இருக்கிறது, 'அநாகரிகச் செயல்' என்பதற்கு இரண்டு வருடம் வரை. பிரிட்டிஷ்காரன் இந்தியாவுக்கு 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தை வைத்து, பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871-இல் ஒன்றைப் போட்டான். இந்தியா 2018-இல் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. சிங்கப்பூர் 2022 நவம்பரில் தன் 377ஏ-வை நாடாளுமன்றத்தில் நீக்கியது, அதே நாளில் கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்பதற்கு அரசியல் சாசனத்தில் பாதுகாப்பும் போட்டுக்கொண்டது. நாம் நகரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவுகள் செயலைத்தான் பிடிக்கின்றன. ஒருவன் ஒருவனைக் காதலிப்பதோ, அதை நடித்துக் காட்டுவதோ அதில் வராது. முஸ்லிம்களுக்கு இதோடு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு, ஆகவே நாசி கண்டார் பாய் பெயர் சொல்லாமல் இருப்பது நியாயமே. நடிகர்களைத் தேடும்போதும் இதை மனசில் வையுங்கள்.

படத்தைப் பிடிப்பது வேறு சட்டங்கள். 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி, வாரியம் பார்த்து அனுமதிக்காத படத்தை இங்கே திரையிட்டால் குற்றம். பத்துப் பேரைக் கூப்பிட்டு மண்டபத்தில் போடுவதற்கும் அது பொருந்தலாம். ஃபினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், தருகிற உரிமம் 1981 சட்டத்தில் வருகிறது. 2020 ஜூலையில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் சமூக ஊடகத்துக்கும் உரிமம் வேண்டும் என்கிற மாதிரிச் சொல்லி ஊரே கொதித்ததும், பிறகு தனி ஆட்கள் பயப்பட வேண்டாம் என்று விளக்கம் வந்ததும் ஞாபகம் இருக்கும். இணையத்தில் ஏற்றினால் 1998 தொடர்புத் துறைச் சட்டத்தின் 233-வது பிரிவு, ஆபாசமான, புண்படுத்துகிற பதிவுகளைத் தண்டிப்பது, பாயலாம். இதற்கெல்லாம் மேலே, தியேட்டருக்கே வராமல் இணையத்தில் ஓடிய 'மெந்தேகா தெர்பாங்' படத்தின் இயக்குநர் மீதும் தயாரிப்பாளர் மீதும் 2024 ஜனவரியில் தண்டனைச் சட்டத்திலேயே குற்றம் சாட்டினார்கள். அது மத உணர்வைப் பற்றிய வழக்கு, உங்கள் கதைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் சின்னப் படம், யார் கண்ணில் படப்போகிறது என்று மட்டும் இருக்காதீர்கள்.

என் யோசனை, முதல் திரையிடல் வெளிநாட்டில் இருக்கட்டும். கோயில், பள்ளிக்கூடம், சீருடை, எந்த மதத்துச் சின்னமும் ஃப்ரேமுக்குள் வர வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் விரும்பினால் டைட்டிலில் பெயருக்குப் பதிலாக முதல் எழுத்து மட்டும் போடுங்கள்.

ஃபெரிக்காரி:

கோயில் வரக்கூடாது என்றால் சரணின் வீட்டில் சாமி மாடம்கூட வரக்கூடாதா? தமிழன் வீட்டு ஹாலில் கேமராவை எங்கே திருப்புவது?

பினாங்கிலிருந்து ஒரு சேதி. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாவில் விக்னேஷ் பாலசிங்கம் எடுத்த புகைப்படக் கண்காட்சி நடந்தது. ஓரினக் காதலர், திருநர் உரிமைக்காகப் போராடுகிற நிஷா ஆயுப், பாங் கீ தேக் இருவருடைய படங்களையும் அமைச்சர் தரப்பிலிருந்து உத்தரவு வந்து சுவரிலிருந்து இறக்கினார்கள். அவர்கள் முத்தமா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்? சும்மா நின்றார்கள். அதனால் முத்தம் வைத்தால்தான் வம்பு, வைக்காவிட்டால் வம்பில்லை என்று கணக்குப் போடாதீர்கள். கதைக்குத் தேவையா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு யோசனை. டிபிஎஸ் வேண்டாம், கதையையே இங்கே கொண்டு வாருங்கள். பழைய கார் ஃபெரி 2021-லிருந்து இல்லை, ஆனால் 2023 ஆகஸ்டிலிருந்து புது ஃபெரிகள் ஓடுகின்றன, ஆட்களோடு மோட்டாரும் ஏற்றுகிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் போக ஏறக்குறைய உங்கள் படம் ஓடுகிற நேரம்தான். ஏறியதிலிருந்து இறங்குகிற வரை படம். நடுவில் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது, சுற்றிக் கடல். இவன் சொல்லிவிட்டால் அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மைக் பிடிக்கிறவன்:

ஐடியா அட்டகாசம், சத்தத்தை யார் பிடிப்பது? என்ஜின், காற்று, ஹாரன், மேலே அறிவிப்பு. மூவாயிரம் வெள்ளியில் அத்தனை வசனத்தையும் டப்பிங் செய்ய வேண்டிவரும், செய்தால் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். செந்தூலிலேயே இருங்கள்.

மாமாக் கடையில் எடுப்பதாக இருந்தால் ராத்திரி மூன்று மணிக்குப் போங்கள், காற்பந்து ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து. டிவியில் பந்து ஓடினால் கூட்டத்தின் கத்தல்தான் மைக்கில் விழும், வசனம் விழாது. சட்டைக்குள் ஆளுக்கொரு மைக், அது போக யாரும் பேசாமல் ஒரு நிமிடம் கடையின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் காலைத் தொட்டுக் கும்பிடுவீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று. இல்லாவிட்டால் கடை டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டுக் காசு கொடுங்கள். கதை என்ன என்று கேட்டால் இரண்டு கூட்டாளிகள் கதை என்று சொல்லுங்கள், பொய்யில்லையே.

தண்டவாளம்:

முத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2023 ஜூலையில் சிப்பாங் இசை விழாவில் என்ன நடந்தது? வெளிநாட்டுப் பாடகர் மேடையில் கூட வாசிக்கிற இன்னொரு ஆணுக்கு முத்தம் கொடுத்தார், விழாவின் மிச்ச நாட்களே ரத்து. அவர் விமானம் ஏறிவிட்டார். பாட இருந்த உள்ளூர்க் கலைஞர்களும் கடை போட்டவர்களும்தான் நஷ்டப்பட்டார்கள். அதைத்தான் சொல்கிறேன். நடிக்கப்போகிற பையனுக்கு நாளைக்கு யார் பதில் சொல்வது?

செந்தூல்காரன்:

அண்ணே, முதல் பதிவில் நீங்கள் சொன்னதோடு எனக்கு ஒத்துவரவில்லை, இந்தக் கேள்வி நியாயமானது. நேற்று ஒரு பையனிடம் பேசினேன், மேடை நாடகம் நடிக்கிறவன், நல்ல நடிகன். கதை கேட்டான், பிடித்திருக்கிறது என்றான். அப்புறம் "என் அப்பாவுக்கு என்னா சொல்றது" என்றான். டிவி தொடர் வாய்ப்பு போய்விடும் என்கிற பயம் வேறு. நான் வற்புறுத்தவில்லை. சரண் பாத்திரத்துக்கு ஆள் இருக்கிறது, தேவாவுக்கு இன்னும் இல்லை.

அஞ்சடி:

முத்தம் வேண்டாம் என்று நான் சொல்வது பயத்தால் இல்லை. இருபது வருடம் தொட்டுக்கொண்டே இருந்தவர்கள் இவர்கள், தோளில் கை, தலையில் தட்டு, முதுகில் சாய்ந்து தூக்கம். புதிதாக ஒரு தொடுதலைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, பழைய தொடுதல் ஒன்றே வேறாக ஆக வேண்டும்.

ஹெல்மெட் இருக்கிறதே. சரணுக்கு வார் போடத் தெரியாது, அல்லது தெரிந்தும் போட மாட்டான், எப்போதும் தேவாதான் மாட்டிவிடுவான் என்று வையுங்கள். மாமாக் கடைக்குப் போகும்போது ஒருமுறை, வேகமாக, வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே, டக். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றக்கூடாது. வீடு திரும்பும்போது இன்னொருமுறை, இந்தத் தடவை தாடைக்குக் கீழே விரல் மாட்டிக்கொண்டு "ஆ" என்கிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். விடியற்காலை மூன்றாவது முறை. தேவா வாரை எடுக்கிறான், கொக்கி சேரவில்லை, கை நடுங்குகிறது. சரண் இந்தத் தடவை தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுக்கிறான், கண்ணை எடுக்காமல். தேவாவின் கைக்குமேல் அவன் கை வருகிறது. இரண்டு கையும் சேர்ந்து, டக். வசனமே வேண்டாம். அதற்குமேல் முத்தம் வைத்தாலும் ஒன்றும் கூடப்போவதில்லை.

ஃபெரிக்காரி:

சரி, இதற்காக ஃபெரியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் முத்தமே வேண்டாம் என்பதை ஒரு கொள்கையாக ஆக்காதீர்கள். ஆணும் பெண்ணும் என்றால் மழையில் நனைந்து கட்டிப்பிடிக்கலாம், இவர்கள் மட்டும் எப்போதும் கொக்கியும் காலருமாகவே இருக்க வேண்டுமா? நான் பார்க்க ஆசைப்படுவது இரண்டு பேர் வெளிச்சத்தில் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முத்தமிடுகிற தமிழ்ப் படம். இந்தப் படம் இல்லை என்றால் அடுத்தது.

அஞ்சடி:

அதில் எனக்கு மறுப்பில்லை. இந்த இருவருக்கு ஹெல்மெட், அடுத்த இருவருக்கு மழை.

ஆயர் ஈத்தாம் அக்கா:

முடிவு இன்னும் வரவில்லையே. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பெட்டி கட்டும்போது ஊறுகாய் பாட்டில் ஒன்று மேசைமேல் இருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய், அம்மா போட்டது. சரண் எடுத்து வைக்கப் போகிறான், அம்மா "அப்புறம் வைக்கலாம், எண்ணெய் ஒழுகும்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறாள். விடியற்காலை அவர்கள் கிளம்பும்போது பாட்டில் அங்கேயே இருக்கிறது. அம்மா பார்க்கிறாள், சொல்லவில்லை.

செந்தூல்காரன்:

அக்கா, அதைப் படித்துவிட்டு இந்தக் காட்சியை எழுதினேன். பழைய பக்கம் இரண்டும் போய்விட்டது.

டிபிஎஸ்ஸுக்கு உள்ளே போகவே இல்லை, வெளியே சாலையோரம்தான். உள்ளே எடுக்க அனுமதி வாங்குகிற தெம்பு இல்லை. ஹெல்மெட் காட்சியை வீட்டு வாசலில் வைத்துவிட்டேன். சாலையோரத்தில் சரண் இறங்கி, ஹெல்மெட்டைத் தானே கழற்றிக் கொடுக்கிறான், கொக்கியைச் சுலபமாகத் திறக்கிறான். தேவா அதைப் பார்க்கிறான்.

தேவா: "உனக்குத் திறக்கத் தெரியுமா?"
சரண்: "அஞ்சாம் படிவத்துலேர்ந்து தெரியும்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது, போய்விடுகிறான். தேவா வீட்டுக்கு வருகிறான், காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க. அம்மா ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அவன் கையில் வைக்கிறாள். "மறந்துட்டான் பாரு. நீ எப்ப போவ?" தேவா பாட்டிலைப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான். "சனிக்கிழமை போறேன்மா." "சனிக்கிழமை வேணாம், வெள்ளிக்கிழமையே போ. திங்கக்கிழமை வந்தா போதும்." வெட்டு. மெசேஜ் கிடையாது, லாரி கிடையாது.

நாசி கண்டார்:

'அஞ்சாம் படிவத்துலேர்ந்து தெரியும்' நல்லா இருக்கு.

தண்டவாளம்:

வெள்ளிக்கிழமை போய்த் திங்கள் வந்தால் ஏர்கான் வேலையை யார் பார்ப்பது? சனிக்கிழமையில்தான் இந்த வேலைக்காரர்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் அதிகம். என் மச்சானும் அந்த வேலைதான்.

மைக் பிடிக்கிறவன்:

தண்டவாளம் அண்ணே, உங்கள் மச்சானின் மோட்டார் ஒரு ராத்திரிக்குக் கிடைக்குமா? ஏணியோடு.

தண்டவாளம்:

கதை என்ன என்று கேட்பான்.

செந்தூல்காரன்:

இரண்டு கூட்டாளிகள் கதை என்று சொல்லுங்கள் அண்ணே. பெட்ரோல் நான் போட்டுத் தருகிறேன், ரோட் டாக்ஸ் மட்டும் காலாவதி ஆகாமல் இருந்தால் போதும். தேவா பாத்திரத்துக்கு யாராவது இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், மோட்டார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், லைசன்ஸோடு.